போர்வைக்குத் திரும்பிய லாமிஸ்

இல்லண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க போர்வையைக் கழட்டி நீட்டினதும் என் மொகம் கோணிப்போச்சு பாருங்க, அது உங்களுக்காக இல்ல. மூணு வருஷமா யாரு போர்வை கண்ணுல பட்டாலும் எனக்கு இப்படித்தான் ஆகுது. குடுங்க, இந்தக் கதவோர முளையில மாட்டிடறேன். அட, நல்ல நெசவு. ஓரத்துல சிவப்பு நூலை ரெண்டு ரெண்டா விட்டு... இப்ப யாரு இவ்வளவு பொறுமையா நெய்யறா? உங்க வீட்டம்மாவா? இல்லையா... ஓ, அம்மாவா. அவங்க இப்ப இல்லையா. சரி, சரி. போன எடத்துல நல்லா இருக்கட்டும். பத்திரமா மாட்டிட்டேன், கவலைப்படாதீங்க.

இப்படி அடுப்புப் பக்கமா உக்காருங்க. திருவிழாவுக்குப் படகேறி வர்ற கூட்டம் பூரா இன்னைக்கு நனைஞ்சுதான் எறங்குது, வடக்குக் காத்து அப்படி. இந்தாங்க வெந்நி, காலைக் கழுவுங்க. நீங்க யாரு, எந்த ஊரு, யாரு பெத்த புள்ளைன்னு நான் கேக்க மாட்டேன். வந்தவங்க சாப்பிட்டு, கை கழுவி, வாயைத் துடைச்சப்புறம்தான் அதெல்லாம் கேக்கணும். எங்க மாமியார் அதுல ரொம்பக் கண்டிப்பு. சோத்துக்கு முன்னாடி பேரைக் கேட்டா, விருந்தாளிக்குக் காவல் இருக்கற ஸேயுஸ் முகத்தைத் திருப்பிக்குவாராம். அதனால நான் கேக்கறதே இல்ல. கேக்காத நேரத்துல என்ன பண்றது? நான் பேசிக்கிட்டு இருப்பேன். அதுவே எனக்கு வெனையா முடிஞ்சுதுங்க. அதைத்தான் சொல்ல வர்றேன்.

கொஞ்சம் இருங்க. மொத துளி அடுப்புத் தாய்க்கு. ஹெஸ்தியா தாயே, வந்தவரு வயிறு குளிரணும், எம் மக காரியம் நல்லபடி முடியணும்... ம், இப்ப சாப்பிடுங்க. வாற்கோதுமை அடை காலையில சுட்டது. இது வெள்ளாட்டுப் பால்கட்டி. கறி நேத்து மிச்சம்தான், ஆனா முதுகுக்கறி. நல்ல துண்டை யாருக்குன்னு வெச்சிருந்தேனோ, உங்களுக்கு அமைஞ்சிருக்கு. வீட்டுக்காரரு மிக்கோஸ் நாளைக்குப் பலிகுடுக்கக் கெடா ஓட்டிட்டு வர மேட்டுக்குப் போயிருக்காரு. உள்ள டக்கு டக்குன்னு கேக்குது பாருங்க, அது எம் மக மெலித்தா. தறி முன்னாடி நிக்கறா. அவளுக்காகத்தான் இத்தனை பாடும்.

நாளைக்கு அப்பொல்லோ கோயில் முன்னால பாட்டு வெச்சிருக்காங்க இல்ல... தாருஸ்ஸாக் கோட்டைப் பாட்டு. ராஜாவோட வெள்ளைக் குதிரைகளை எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான்னு ஊரு ஊரா கப்பல் கட்டிக்கிட்டு அக்கரைக்குச் சண்டைக்குப் போனாங்களே, அந்தப் பாட்டு. நீங்களும் அதைக் கேக்கத்தான் வந்திருப்பீங்க. எனக்குத்தான் நாளைக்கு விடியவே வேண்டாம்னு இருக்கு.

பாட்டு நல்லாத்தான் இருக்கும், இல்லேங்கல. ஆனா கொஞ்சம் யோசிச்சுக் கேளுங்க, எவ்வளவு கோளாறு தெரியுமா? மொதல்ல அந்த அடைமொழி. ஒருத்தருக்கு ஒண்ணை ஒட்டிட்டாங்கன்னா, அவ்வளவுதான், தோலோட வந்துரும். தெயோமக்கோஸ்னு ஒரு வீரன். "இடிக்குரல் தெயோமக்கோஸ்." சரி, சண்டையில கத்தினான், இடி மாதிரி இருந்துச்சு, ஒத்துக்கறேன். அவனுக்குக் காய்ச்சல் வந்து, பேச முடியாம, சைகையில தண்ணி கேக்கறான். அப்பவும் இடிக்குரல் தெயோமக்கோஸ் தண்ணி கேட்டாராம். கப்பலும் அப்படித்தான். கரையில ஏத்திக் கவுத்துப்போட்டு, அடிப்பலகை உளுத்து, நண்டு குடியிருக்கு. ஆனா அது "அலை தாண்டி விரையும் கப்பல்." நான் ஒரு தடவை கோயில்ல இருந்துக்கிட்டே சிரிச்சுட்டேன். பூசாரியோட சம்சாரம் திரும்பிப் பாத்து மொறைச்சா.

அப்புறம் உவமை. ஒருத்தன் ஈட்டியை ஓங்கறான். நமக்கு நெஞ்சு பதறுது, குத்துவானா மாட்டானான்னு. அப்பப் பார்த்து பாட்டுக்காரரு, மலைச்சாரல்ல பசியோட எறங்கற சிங்கம் எப்படி ஆட்டுப்பட்டியை நோக்கி... அப்படின்னு ஆரம்பிப்பாரு. அந்தச் சிங்கம் எறங்கி, நாய் கொலைச்சு, இடையன் தீவட்டி எடுத்து, மழை பேஞ்சு, மழையில ஒரு ஓடை பெருகி, ஓடையில ஒரு மரம் அடிச்சிக்கிட்டுப் போய்... ஈட்டியை ஓங்கினவன் அங்கேயே நிக்கறான் பாவம், கை வலிக்காது? இந்தத் தீவுல சிங்கத்தை யாரு பாத்தா, சொல்லுங்க. நரியைத் தவிர எங்க அப்பா காலத்துலேருந்து ஒண்ணும் பாத்ததில்ல. ஆலிவ் எடுத்துக்கங்க, இன்னும் ரெண்டு எடுத்துக்கங்க.

எங்க விட்டேன்? ஆமா, கோளாறு. ராஜா தூதன்கிட்ட ஒரு சேதி சொல்லுவாரு, இருபது அடி. தூதன் போய் அதே இருபது அடியை அப்படியே சொல்லுவான். கேட்டவங்க அதைத் தங்க வீட்டுல போய் அப்படியே சொல்லுவாங்க. நான் ஒரு சேதியை ரெண்டு தடவை சொன்னா எங்க வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. அங்க மட்டும் மூணாவது தடவையும் தலையாட்டிக்கிட்டுக் கேப்பாரு.

இருக்கறதுலேயே பெரிய கூத்து கப்பல் வரிசைதான். எந்த ஊருலேருந்து எத்தனை கப்பல், யாரு தலைமைன்னு பேரு பேரா வரும் பாருங்க. சனங்க என்ன பண்ணும்? தன் ஊர்ப்பேரு வர்ற வரைக்கும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். பேரு வந்ததும் பக்கத்துல இருக்கறவனை முழங்கையால இடிக்கும். அப்புறம் எழுந்து, அத்திமரத்துக்குப் பின்னால ஒதுங்கப் போயிடும். பாதி வரிசை போறதுக்குள்ள பாதிக் கூட்டம் அத்திமரத்துக்குப் பின்னாலதான் இருக்கும். எங்க ஊருக்குக் கப்பலே கெடையாது அதுல. சின்ன ஊரு, எவன் சீண்டுவான்? எங்க சனம் மட்டும் கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கும். வேற வழி?

இன்னொண்ணு, கவனிச்சிருப்பீங்க. கேள்விப்படாத பேரு ஒண்ணு திடீர்னு வந்து, அவன் அப்பா பேரு வந்து, அவன் அம்மா அவனை எந்த ஆத்தங்கரையில பெத்தாள்னு வந்து, வீட்டுல இத்தனை ஆடு இருந்துச்சுன்னு வந்துட்டா, முடிஞ்சுது. அடுத்த அடியில அவன் வயித்துல ஈட்டி. பேரைச் சொல்றதே சாகடிக்கத்தான். எனக்கு அந்த அம்மாக்களை நெனைச்சாத்தான் வேதனையா இருக்கும். நான் மனசுக்குள்ள ஒரு வேண்டுதல் வெச்சுக்குவேன், செத்தவன் கற்பனையா இருந்தாலும் பெத்தவ வயிறு கற்பனை இல்லையே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுக்காரரோட முன்னோரு ஒருத்தரு, லாமிஸ்னு பேரு. அவரும் அந்தப் பாட்டுல இருக்காரு. என்ன அப்படி நிமிந்து பாக்கறீங்க? ஆமா, எங்க வீடுதான். பாட்டுல பேரு இருக்கற வீடு. வெளியிலேருந்து பாத்தா ஆட்டுக்கொட்டாயும் அத்திமரமும்தான் தெரியும். ஆனா பேரு இருக்கு. எப்படி இருக்குன்னு கேட்டீங்கன்னா... அதுக்குத்தான் எனக்குத் தூக்கம் போச்சு.

"போர்வைக்குத் திரும்பிய லாமிஸ்."

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? மன்னிச்சுக்கங்க, எல்லாரும் இந்த எடத்துல சிரிப்பாங்க. கப்பலு கெளம்பற காலையில, அவரு வீட்டுல போர்வையை மறந்து வெச்சுட்டாருன்னு திரும்பிப் போனாராம். அதுக்கு அந்தப் பட்டம். ஒரு தடவை சொல்லிட்டு விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. அது பாட்டோட தாள அளவுக்கு அப்படியே கச்சிதமா உக்காருதாம், அடியோட கடைசியில. அதனால எங்கெல்லாம் அடி முடியலையோ அங்கெல்லாம் எங்க ஆளைத் தூக்கிப் போட்டு ரொப்பறாங்க. ஓட்டைச் சட்டிக்குக் களிமண்ணு பூசற மாதிரி. எல்லாரும் முன்னால பாயறாங்க, கூடவே போர்வைக்குத் திரும்பிய லாமிஸும் பாயறாரு. திரும்பினவரு எப்படிங்க முன்னால பாய முடியும்? கோட்டைச் சுவர்மேல மொத ஆளா ஏறறாரு. யாரு? போர்வைக்குத் திரும்பிய லாமிஸ். கடைசியில ஈட்டி பட்டுச் சாகறாரு. அங்கயாவது விட்டாங்களா? கண்ணுல இருட்டு வந்து மூடுச்சாம், போர்வைக்குத் திரும்பிய லாமிஸை.

அதுலயும், கல்யாணம் ஆகாமலே செத்துட்டாராம். அப்ப எங்க வீட்டுக்காரரு எங்கேருந்து வந்தாரு? நான் பாட்டுக்காரர்கிட்டயே கேட்டேன். அம்மா, கல்யாணம் ஆகாம செத்தாத்தான் கேக்கறவங்க அழுவாங்கன்னுட்டாரு.

ஊத்துல தண்ணி புடிக்கப் போனா பொம்பளைங்க சும்மா விடுவாளுகளா? நான் கொடத்தை வெச்சிட்டு மூடியை மறந்துட்டு நாலு அடி திரும்பினா போதும். அந்த ஹெதீலே இருக்காளே, மூணாவது வீட்டுக்காரி, "மூடிக்குத் திரும்பிய பிலின்னா"ம்பா. பிலின்னா நான்தான். அவ வாயில புழு வெக்கணும்னு ஒரு நாள் வேண்டிக்கிட்டேன். அப்புறம் மனசு கேக்காம, அந்த வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்னு ஒரு அத்திப்பழ அடை படைச்சேன்.

இதெல்லாம் சிரிச்சிட்டுப் போயிருப்பேங்க. இப்ப எம் மகளுக்கு எடம் வந்திருக்கு. எதிர்க்கரை எரித்ராய்லேருந்து. தெலெஸ்தாஸ்னு பெரிய மனுஷன், ரெண்டு கப்பல், கல்லு வெச்சுக் கட்டின வீடு. அவரு மகனுக்குக் கேக்கறாங்க. பையன் போன அறுவடைக்கு இங்க வந்தப்ப இவளைப் பாத்திருக்கான், இவளும் பாத்திருக்கா. அது எனக்குத் தெரியாதுன்னு ரெண்டும் நெனைச்சுக்கிட்டு இருக்கு. நடுவுல பேசினவங்க சொல்றாங்க, தெலெஸ்தாஸ் மொதல்ல ஒரேயடியா வேண்டாம்னாராம், ஆட்டுக்காரன் வீட்டுப் பொண்ணு எதுக்குன்னு. அப்புறம் யாரோ, அது பாட்டுல பேரு இருக்கற வீடுன்னு சொன்னாங்களாம். அப்பத்தான் "அப்படியா, பாக்கலாம்"னாராம். பேரு இருக்குன்னுதான் அவருக்குத் தெரியும். எப்படி இருக்குன்னு தெரியாது. நாளைக்கு அந்தப் பாட்டைக் காதால கேட்டுட்டுத்தான் கையடிச்சு முடிவு பண்ணுவாராம்.

புரியுதா அண்ணே? நாளைக்குக் கூட்டத்துக்கு நடுவுல, அந்த மனுஷன் மொதல் வரிசையில உக்காந்திருக்கும்போது, போர்வைக்குத் திரும்பிய, போர்வைக்குத் திரும்பியன்னு முப்பது தடவை வரும். ஊரே சிரிக்கும். அவரு எழுந்து படகேறிடுவாரு. எம் பொண்ணு தறி முன்னாடியே நின்னுக்கிட்டு இருப்பா.

அவரு சிரிக்கவே மாட்டாராமே. சிரிப்புங்கறதே அந்த மொகத்துல ஏறாதாம். மூக்கு எப்பவும் கொஞ்சம் மேல பாத்தே இருக்குமாம், மீன் அழுகின வாடை வர்ற மாதிரி. நான் பாத்ததில்ல, கேள்விதான். அந்த மனுஷன் உங்களை மாதிரி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்... பேசாம, பொறுமையா, தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே கேக்கறீங்க. அடை இன்னொண்ணு வெக்கட்டா? போதுமா? மெதுவாச் சாப்பிடுங்க, அவசரம் இல்ல.

நான் சும்மா இருக்கலண்ணே. பாட்டைக் கட்டினவரு சோசிலாஸ்னு ஒருத்தரு, கியோஸ் தீவுக்காரரு. நாளைக்கும் அவருதான் பாடறாரு. போன மாசம் படகேறிப் போய் அவரைப் பாத்தேன். ஒரு கையால முழங்காலைப் புடிச்சேன், ஒரு கையால தாடியைத் தொட்டேன். இப்படிக் கேட்டா யாரும் தட்டக் கூடாது இல்ல? அவரும் தட்டல. அம்மா, மாத்தறேன், ஆனா அந்த எடத்துல அதே அளவுல உக்காரற மாதிரி வேற ஒண்ணு நீயே கொண்டு வா, ஒரு தட்டு கூடினாலும் கொறைஞ்சாலும் அடி நொண்டிடும்னாரு. அவருக்கென்ன, லேசாச் சொல்லிட்டாரு.

நாங்க மூணு பேரும் ராவு பகலா அதே வேலை. எங்க வீட்டுக்காரரு "வெண்கல ஈட்டி லாமிஸ்"னாரு. தறிக்கட்டையால தட்டிப் பாத்தோம், கொறையுது. நான் "தெய்வத்துக்குத் தெனமும் படையல் வெக்கிற லாமிஸ்"னேன். அது வாசல் தாண்டித் தெருவுக்குப் போயிடுச்சு. கடைசியில எம் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. நெய்துக்கிட்டே, எங்களைத் திரும்பிக்கூடப் பாக்காம, தறிக்கட்டையால தட்டித் தட்டிச் சொன்னா. "தாய்க்காகத் திரும்பிய லாமிஸ்." கேட்டுப் பாருங்க. போர்வைக்குத் திரும்பிய... தாய்க்காகத் திரும்பிய... அதே அளவு, ஒரு முடி வித்தியாசம் இல்ல. ஒரே வார்த்தையைத்தான் மாத்தினா. நான் மூணு வருஷமா அழுதுக்கிட்டு இருந்ததை அவ ஒரு தட்டுல நேராக்கிட்டா. அவ அம்மாங்கறதுக்காகச் சொல்லல, அந்தப் புள்ளைக்கு வாயி கம்மி, மனசு பெருசு.

சோசிலாஸுக்குச் சொல்லி அனுப்பினேன். நல்லாருக்கு, போட்டுடறேன், ஆனா உறுதி சொல்ல முடியாதுன்னு பதில் வந்துச்சு. நாக்குக்குப் பழகிப்போச்சாம். பாட்டு வேகம் புடிச்சுட்டா நாக்கு தானா பழைய தடத்துல போயிடுமாம், கழுதை வீட்டுக்குப் போற மாதிரி. பாருங்க, எம் பொண்ணு வாழ்க்கை ஒரு கெழவரோட நாக்கு நுனியில நிக்குது.

எல்லாம் அந்தப் பாட்டுக்காரரு பண்ணின வேலை. ஒரு வீட்டுல உப்பைத் தின்னுட்டு, அந்த வீட்டு ஆளுக்கு இப்படியா பேரு வெப்பாங்க? யாரு அவருக்கு இந்தக் கதையைச் சொன்னாங்கன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டுக் கேட்டுப் பாத்தாரு. ஹெதீலேயா இருக்கும்னேன் நான். வேற எவளாவது இருக்கும்னேன். ஊத்தாங்கரையில பேசாத பேச்சா...

ம்.

உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், நாளைக்கப்புறம் உங்களை எங்க பாக்கப்போறேன். நான்தான் சொன்னேன். மூணு வருஷம் முன்னாடி, இதே மாதிரி காத்தடிச்ச நாளு, நீங்க உக்காந்திருக்கற இதே முக்காலியில ஒருத்தரு வந்து உக்காந்தாரு. யாருன்னு கேக்கக் கூடாதே, சாப்பாடு முடியற வரைக்கும். சும்மா இருக்க முடியல. லாமிஸ் கதையைச் சொன்னேன். அவங்க அம்மா ராப்பகலா கண்ணு முழிச்சு நெய்த போர்வை, மகன் கடல்ல குளுருவானேன்னு. அவரு அதை மறந்துட்டுப் பாதி வழி போயிட்டாரு. அப்புறம், அம்மா எழுந்து பாத்தா அழுவாளேன்னு திரும்பி ஓடினாரு. நான் அழகாத்தான் சொன்னேன், கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு. சாப்பிட்டு முடிச்சப்புறம் பாத்தா அவரு பாட்டுக்காரரு. உடனே எனக்கு ஆசை வந்துருச்சு. ஐயா, உங்க பாட்டுல எங்க ஊருக்கு ஒரு கப்பல் கூட இல்லையே, லாமிஸை ஒரே ஒரு அடியில போடுங்களேன்னு கேட்டேன். முதுகுக்கறியை இன்னொரு துண்டு வெச்சேன். அவரும் போட்டாரு. ஒரு அடியிலயா? முப்பது அடியில.

பாட்டு ஆரம்பிக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு, பாட்டுத் தேவியே, எல்லாத்தையும் கண்ணால பாத்தவ நீதான், நீயே எனக்குச் சொல்லுன்னு கும்பிடுவாங்க இல்ல? எனக்கு அந்த எடம் வந்தா ஒடம்பு கூசும். தேவி எங்க சொன்னா? முதுகுக்கறியை வெட்டிக்கிட்டே நான்ல சொன்னேன். இது பாவமான்னு அடுப்புத் தாய்கிட்டக் கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. தெய்வங்களுக்கு வாயை அடக்கத் தெரியுது.

ஆனா ஒண்ணு, அண்ணே. திரும்பினதுல என்ன தப்பு? அவரு திரும்பினதால கெட்டவங்க யாரு? போர்வையை எடுத்துக்கிட்டு அவரு கரைக்கு வர்றதுக்குள்ள கப்பலு போயிடுச்சு. அதுல போன முப்பது பேருல திரும்பி வந்தது நாலு பேரு. இவரு கரையில நின்னாரு, ஆடு மேய்ச்சாரு, கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அஞ்சு புள்ளை பெத்தாரு. அவரு மட்டும் அன்னைக்குத் திரும்பலேன்னா எங்க வீட்டுக்காரரு ஏது, எம் மெலித்தா ஏது? கோட்டையை அவரு கண்ணாலகூடப் பாக்கல. அதனாலதான் நாங்க இருக்கோம்...

என்ன, தறி நின்னுபோச்சு? மெலித்தா? நூலு அறுந்துடுச்சா?

சாப்பிட்டாச்சா அண்ணே? இந்தாங்க தண்ணி, கையை நீட்டுங்க. துணி இந்தா இருக்கு. வயிறு நெறைஞ்சுதா? இப்பக் கேக்கலாம். நீங்க யாரு, எந்த ஊரு, யாரு பெத்த புள்ளை?

எரித்ராயா. நல்லது, நாங்க பேசிக்கிட்டு இருந்தோமே, அதே ஊரு. அப்ப அந்த தெலெஸ்தாஸை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்...

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க. இல்ல, வேண்டாம். கேட்டுச்சு.

ஒரு நாள் முன்னாடியே... வீட்டைச் சத்தமில்லாம பாத்துட்டுப் போகலாம்னு. ஆமா, அது மொறைதான். பெரியவங்க பாக்கத்தான் செய்வாங்க. ஐயா, நான் சொன்னது வேற லாமிஸ். ஊர்ல மூணு லாமிஸ் இருந்தாங்க. மூக்கைப் பத்திச் சொன்னது... அது நடுவுல பேசினவங்க சொன்னது, உங்க மூக்கு நல்லாத்தான் இருக்கு. எரித்ராய்ல வேற தெலெஸ்தாஸ் யாராவது... இல்லையா. ஒரே ஒருத்தர்தானா.

எழுந்துட்டீங்களா. ஐயா, ஒரு நிமிஷம். இருங்க, முழங்காலைத் தொட்டுக்கறேன். பொய் சொல்லி உங்களை நிறுத்த எனக்குத் தெரியாது. நான் சொன்னதெல்லாம் நெசம். எங்க வீட்டுல கோட்டை ஏறினவங்க யாரும் இல்ல. பாட்டுல இருக்கற பேரு கறித்துண்டுக்கு வந்த பேரு. அதெல்லாம் என் வாயால வந்தது. ஆனா எம் பொண்ணுக்கு என் வாயி இல்லைங்க. நீங்க வந்து எவ்வளவு நேரம் ஆச்சு, அவ சத்தம் ஒண்ணாவது கேட்டீங்களா? தறிச் சத்தம் தவிர? அவ்வளவுதான் சொல்லுவேன்.

வாசலுக்கே போயிட்டீங்களே.

சரி. போங்க. பாத்துப் போங்க, வாசக்கல்லு வழுக்கும்.

போயிட்டாரு, மெலித்தா. வெளிய வராத, அங்கேயே இரு. என்னைத் திட்டு, பரவால்ல, ஒரு தடவையாவது வாயைத் தெறந்து திட்டு. அடுப்புத் தாயே, எனக்கு ஏன் இந்த நாக்கை வெச்ச? ரெண்டு தடவை, ஒரே முக்காலியில, ஒரே முதுகுக்கறியோட... நாளைக்கு எவனாவது சாப்பிட வந்தா பேரைக் கேட்டுட்டுத்தான் சோத்தைப் போடப்போறேன். ஸேயுஸ் முகத்தைத் திருப்பினா திருப்பிக்கட்டும். அங்க பாரு, மீன்காரங்க வலை காயப்போடற எடம் வரைக்கும் போயிட்டாரு. எவ்வளவு வேகமா போறாரு. காத்துல தோளைக் குறுக்கிக்கிட்டு... தோள்மேல ஒண்ணுமே இல்லாம...

மெலித்தா. முளையைப் பாரு.

இல்ல, நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா நல்லாருக்காது. தானா நெனைப்பு வரட்டும்... குளுருமேடி அவருக்கு. பாவம், செத்துப்போன அம்மா நெய்தது. கூப்பிட்டுடட்டுமா? இரு, இரு. நின்னுட்டாரு. தோளைத் தடவிப் பாக்கறாரு. படகைப் பாக்கறாரு. நம்ம வீட்டைப் பாக்கறாரு. மறுபடி படகைப் பாக்கறாரு. ஹெதீலே வேற வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. தாயே, இன்னும் ஒரு அடி... திரும்பிட்டாரு. ஐயோ, வர்றாருடி. நீ போய்த் தறி முன்னாடி நில்லு. தட்டு, சும்மாவாவது தட்டு.

வாங்கய்யா. தெரியும், தெரியும். நான் ஒண்ணும் சொல்லல. வாயைத் தெறந்தேனா? இதோ, மாட்டின எடத்துலயே இருக்கு, ஒரு தூசி படல. நில்லுங்க, நானே தோள்ல போட்டு விடறேன். என்ன அப்படிப் பாக்கறீங்க? என்ன... ஐயா, சிரிக்கறீங்களா? உங்களுக்குச் சிரிப்பு வராதுன்னாங்களே. நல்லாச் சிரிங்க, உக்காந்து சிரிங்க. எரித்ராய்ல யாரும் நம்ப மாட்டாங்க.

இல்லைங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. எதுக்குச் சொல்லப்போறேன்? சம்பந்தி வீட்டுச் சமாச்சாரத்தை வெளிய சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது. வெளி ஆளா இருந்தாத்தான், பாருங்க, நாக்கு நிக்காது. நாளைக்குக் காலையில சோசிலாஸ் வேற நம்ம வீட்டுலதான் சாப்பிடறாரு. அவரு சாப்பிடும்போது நான் ஏதாவது பேசிக்கிட்டே இருக்கணுமே, என்ன பண்ண. அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க சொல்லிட்டுப் போங்க, உங்க வாயாலயே சொல்லுங்க. எரித்ராய் தெலெஸ்தாஸ் இன்னைக்குப் பாதி வழியிலேருந்து வந்தாரே... அவரு போர்வைக்குத் திரும்பினாரா, இல்ல, தாய்க்காகத் திரும்பினாரா?

ம். அதான். நானும் அப்படித்தான் நெனைச்சேன்.

மெலித்தா, தட்டுனது போதும். வெளிய வா. மாமாவுக்குத் தண்ணி கொண்டா.